வீட்டில் மறந்த கத்தி

ஜின், பேய் என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பப் போவதில்லை, பரவாயில்லை. மான் சுடுவது சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும், அதை மறைக்கவும் இல்லை.

என் மனைவி அப்போது ஏழு மாதம். மான் இறைச்சி கேட்டாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போனவள், அவள் கேட்டதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய தம்பி இர்பானும் நானும் ஒரு கிழமையாகத் திட்டம் போட்டோம். கோமாரிக்கு மேற்கே அரசாங்கக் காட்டுக்குள் வற்றிக்கொண்டிருந்த ஒரு குளம். அஸர் தொழுகை நேரத்தில், வெயில் சாயும்போது, மான் தண்ணீருக்கு வரும். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, ஆகவே குளத்துக்குக் கிழக்கே பதுங்க வேண்டும். சுடுகிற துவக்கு இரவல். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இர்பான் சுட்டான். மான் விழுந்து காலை உதறியது.

"மச்சான், கத்தியத் தாங்க! உசிரு போகப் போகுது!"

"நீதானேடா கொண்டு வாறெண்ட?"

கத்தி சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கியது. பதற்றத்தில் சுடும்போது அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லவும் மறந்திருந்தான். அறுக்காமல் செத்தால் ஹராம், தின்ன முடியாது. வண்டிப் பெட்டியில் ஏதாவது இருக்கும் என்று இருவருமே ஓடினோம், ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் மானின் தலை கிப்லாவை, மக்கா இருக்கும் திசையை, பார்த்துத் திருப்பப்பட்டிருந்தது. கழுத்து சுத்தமாக அறுபட்டு இரத்தம் இன்னும் ஓடியது. சுற்றிலும் ஈரச் சேறு, அதில் எங்கள் கால்தடங்களைத் தவிர வேறு மனிதத் தடம் இல்லை. இறைச்சியாவது மண்ணாங்கட்டியாவது, ஓடி வந்துவிட்டோம்.

வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் வண்டி ஓட்டம். குசினிக்குள் போனேன். கத்தி ஆணியில்தான் இருந்தது, ஈரமாக. மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"அஸருக்கு வந்து சலாமும் சொல்லாம கத்திய எடுத்துப் போனீங்க. கொஞ்சத்தால மறுகா வந்து கழுவி ஆணியில கொழுவினீங்க. தேத்தண்ணி குடிங்க எண்டன், திரும்பியும் பாக்கல்ல. என்னோட என்ன கோவம்?"

வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் நான் என்ன சொல்வது? என் முகத்தோடு ஒன்று அவளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. விடிந்ததும் கத்தியைக் கடலில் எறிந்தேன். நானே வந்தாலும் சலாம் சொல்லும் வரை கதவைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். கள்ளனுக்குப் பயந்து சொல்வதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சுகமாகப் பிறந்தது. மகளுக்கு இப்போது நாலு வயது.

போன கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து வாசலில் சலாம் சொன்னேன். கதவுக்குப் பின்னால் மகளின் குரல்.

"வாப்பா குசினிக்குள்ள நிக்கிறாரு. நீங்க ஆரு?"

கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன். மனைவி பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குசினியில் யாரும் இல்லை. கத்தி போனதிலிருந்து சும்மா கிடந்த அந்த ஆணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.