இறக்கத்தில் ஓடிய அண்ணி

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். துண்டால் காதை இறுக்கிக் கட்டியிருந்தும் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பனிமூட்டத்தில் நாலு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முதலில் தார்ச்சாலையில் கால்கள் தட்டும் சத்தம் வந்தது. அப்புறம் முகங்கள் வந்தன. முன்னால் ஓடிவந்த பெண்கள் கூட்டத்தில் அண்ணியும் இருந்தார். நான் பாட்டிலை நீட்டினேன். அவர் வேகத்தைக் குறைக்காமல் புறங்கையால் கழுத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப வேணாம் தம்பி" என்று சொல்லி வளைவில் திரும்பி மறைந்துவிட்டார்.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. கழுத்தைத் துடைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் உண்டு. வெயிலில் நீளக் கம்பு கட்டிய பலகையால் உப்பு வாரும்போது வியர்வை காய்ந்து கழுத்தோரம் வெள்ளையாகப் படியும். உப்பு பூத்துவிட்டது என்போம். விரலில் ஏற்கெனவே பாத்தி உப்பு ஒட்டியிருக்கும் என்பதால் புறங்கையால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். நறநறவென்று தட்டுப்பட்டால் வரப்புக்கு ஏறி வந்து கஞ்சித்தண்ணி குடிக்கலாம், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் வேலை ஓடும். இதற்குக் கடிகாரமெல்லாம் தேவையில்லை. அண்ணி பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே லீவு நாட்களில் அவர் அம்மாவோடு பாத்தியில் இறங்கியவர். பிற்பாடு நாட்டுக்காகவே ஓடியபோதும் இந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

நாட்டுக்காக ஓடினார் என்பதை நான் பெருமைக்குச் சேர்த்துச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஓடினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில், உப்பு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடிப் பழகிய பெண், நெடுந்தூர ஓட்டத்தில் இந்தியாவின் பெயர் போட்ட பனியன் அணிந்து வெளிநாட்டுக்குப் போனார். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைத்தது. அவரை எங்கள் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தபோது ஊரில் பாதிப்பேர் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. என் அண்ணனுக்கு அதில் இன்றைக்கும் கொஞ்சம் குறைதான்.

எனக்கும் ஓட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கண் முன்னால் பஸ் கிளம்பினால்கூட ஓடமாட்டேன், அடுத்ததில் போய்க்கொள்வேன். உப்பு மூட்டை ஏற்றிப் போகும் மினி லாரி ஓட்டுவது என் பிழைப்பு. அண்ணனுக்குப் புதுச்சேரியில் ஷிப்ட் வேலை, நினைத்த நேரத்தில் லீவு கிடைக்காது. அதனால் அண்ணி வெளியூர் போகும்போதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. அவர் ஓடிமுடிக்கும்வரை நான் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். இப்படித்தான் தமிழ்நாட்டில் இருக்கிற மலைகளையெல்லாம் நான் பார்த்தேன்.

மலைக்கு அவர் வந்து சேர்ந்த கதை அவ்வளவு சந்தோஷமானதில்லை. குழந்தை பிறந்தது. வலது முட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. அவரைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண்கள் எங்கிருந்தோ கிளம்பி வந்தார்கள். முதலில் நாட்டுக்காக ஓடியவர், பிறகு மாநிலத்துக்காக ஓடினார், அப்புறம் ஆபீசுக்காக ஓடினார், கடைசியில் ஆபீசிலும் வேறு பெண்ணை அனுப்பிவிட்டார்கள். யாரும் கூப்பிட்டு, இனி நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. அழைப்பு வராமல் நின்றுபோகும், அவ்வளவுதான். பயிற்சியாளரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். அண்ணி திண்டிவனத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து, காலையில் ஓடி, பகலில் ஃபைல் பார்த்து, சாயங்காலம் மீண்டும் ஓடிக்கொண்டிருந்தார். எதற்காக ஓடுகிறார் என்று வீட்டில் யாருக்கும் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மலைப்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். மலையுச்சியில் தொடங்கி ரோட்டோடு இறங்கி அடிவாரத்தில் முடிகிற ஓட்டம். போஸ்டரில் பழைய பெயர் ஒன்று இருந்தால் கூட்டம் சேரும் என்பது அவர்கள் கணக்கு. அண்ணிக்கும் அது தெரியும். தெரிந்தேதான் போனார். கொடைக்கானல் போனோம், நீலகிரிக்கு வருஷா வருஷம் போனோம், ஒருமுறை இமயமலைப் பக்கம்கூடப் போனோம். அங்கே சும்மா நடந்ததற்கே எனக்குத் தலை கிறுகிறுத்து வேனில் படுத்துவிட்டேன். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அந்த உயரத்தில் மூச்சு போதாது. அண்ணி தன் சொந்த லீவைப் போட்டு ஒரு வாரம் முன்னதாகவே மேலே போய், உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் ஓடுவார்.

இறக்கம்தானே, கால் தானாகப் போகும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். முதல் ஓட்டம் முடிந்து லாட்ஜ் படிக்கட்டில் அண்ணி பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கியதைப் பார்த்தபிறகு அப்படி நினைக்கவில்லை. கால்விரல் நகங்கள் கறுத்துப்போயிருந்தன. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் முட்டியை வந்து இடிக்கும். பயந்தவர்கள் குதிகாலை ஊன்றிப் பிரேக் போடுவார்கள், தொடை செத்துவிடும். அண்ணி குதிகாலை ஊன்றவே மாட்டார். பாதம் முழுவதும் பட, குட்டிக் குட்டி அடியாக வைத்து, ஒரு சத்தமும் இல்லாமல் இறங்குவார்.

அந்த நடையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்து, ஊர் திரும்பியபிறகுதான் எனக்குப் பிடிபட்டது. மழைக்காலம் முடிந்து உப்பளம் தொடங்கும் முன்பு பாத்தி மிதிப்பார்கள். பெண்கள் வரிசையாக நின்று ஈரக் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். குதிகால் அழுந்தினால் குழி விழும், குழியில் உப்பு சேற்றோடு வரும். அண்ணியின் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "குதிகால் பதியாம மிதிடி" என்று மகளை விரட்டிக்கொண்டே இருப்பாராம். உலகத்தில் இதைவிடத் தட்டையான இடம் கிடையாது என்று சொல்லும்படியான ஊரில், மலையிறங்கும் கால் ஒன்று தயாராகியிருக்கிறது. நான் இதைச் சொன்னபோது அண்ணி சிரித்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் பழக மலை வேண்டுமே. எங்கள் பக்கம் இறக்கம் என்று சொல்ல பெருமுக்கல் குன்று ஒன்றுதான் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி அதன் உச்சிக் கோயில்வரை ஏறி இறங்கி, உடனே மறுபடி ஏறி இறங்குவார். என்ன வேண்டுதல் என்று பூசாரி கேட்டிருக்கிறார். முட்டி நல்லா இருக்கணுங்க என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். பூசாரி நிஜமாகவே முட்டிக்கு ஒரு அர்ச்சனை செய்து கொடுத்தார்.

முதல் சில வருஷம் அண்ணி மலையில் மற்றவர்களைத் திணறடித்தார். சமதரையில் அவரை அலட்சியமாகத் தாண்டிப் போகும் பெண்கள் இறக்கத்தில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். அதற்கும் வாய் பேசினார்கள். இறக்கத்தில் எடுத்த நேரம் எந்தச் சாதனைக் கணக்கிலும் சேராது, மேலிருந்து தள்ளிவிட்டால் கல்லும்தான் உருளும் என்று அண்ணியின் ஆபீசில் ஒருவர் சொல்ல, அது அண்ணி காதுக்கே வந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அண்ணி கோபப்படவில்லை. "அவரு சொல்றது சரிதான். கணக்குல சேராது. ஆனா ஓடுறப்ப எனக்குத் தெரியுது இல்ல" என்றார்.

அந்த முதுகையும் ஒவ்வொருவராகத் தாண்டிப் போகும் காலம் வந்தது. நீலகிரி ஓட்டத்தை நடத்துபவர் கோயம்புத்தூர்க்காரர், மிகவும் மரியாதையானவர். ஓட்டத்துக்கு முன்தினம் லாட்ஜுக்கே வந்து, அடுத்த வருஷத்திலிருந்து அண்ணி ஓட வேண்டியதில்லை, மேடையில் நின்று கொடியசைத்துத் தொடங்கி வைத்தால் போதும், அதுதான் அவருக்குக் கௌரவம் என்றார். சால்வை, மாலை எல்லாம் உண்டு என்றும் சொன்னார். அண்ணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"கௌரவம் இருக்கட்டுங்க. முன்வரிசையில எனக்கு ஒரு எடம் போதும்."

முன்வரிசை என்பது தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கப்படும் இடம். மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் பின்னால் நிற்பார்கள். கோயம்புத்தூர்க்காரர் தர்மசங்கடப்பட்டு, கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். நாளைக்குப் பெண்களில் முதல் பத்துக்குள் வந்தால் அடுத்த வருஷமும் முன்வரிசை, வராவிட்டால் கொடி. அண்ணி சரி என்றார். ராத்திரி அண்ணன் போனில், கொடியைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நிற்க வேண்டியதுதானே என்று கேட்டதற்கு, அண்ணி போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில்தான் நான் பாட்டிலோடு அந்த வளைவில் நின்றிருந்தேன். என்னைக் கடக்கும்போது அண்ணி ஆறாவதோ ஏழாவதோ இருந்தார். எனக்கு ஒரே குஷி. பயிற்சியாளர் இருந்த காலத்தில் எங்கெங்கே எவ்வளவு குடிக்க வேண்டும் என்று அவர் சொல்லிவைப்பார், அண்ணி அப்படியே குடிப்பார். பயிற்சியாளர் போனபிறகு, எப்போது குடிப்பது என்பதற்கும் அந்த உப்பளத்துப் பழக்கம்தான் கணக்கு என்றாகிவிட்டது. மற்ற வருஷங்களில் பாதி வழி இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும், கழுத்தில் உப்பு பூக்கும், அவரும் குடித்துவிடுவார். அன்றைக்குப் பனிமூட்டம் கலையவே இல்லை. வியர்வை கொட்டியிருக்கிறது, ஆனால் பனி அதைக் காயவிடவில்லை. வானம் மூடாக்குப் போட்ட நாளில் பாத்தியில் உப்பு விளையாது என்பது மரக்காணத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதே விஷயம் அண்ணிக்குத் தன் கழுத்தில் தெரியாமல் போய்விட்டது.

நான் வேனில் சுற்றுவழியாகக் கீழே போய்க் காத்திருந்தேன். பத்துப் பெண்கள் வந்தார்கள். அதற்குப் பிறகும் வந்தார்கள். மனசு கேட்காமல் ரோட்டோடு மேலே நடந்தேன். ஓட்டக்காரர்களுக்கு எதிர்த்திசையில் மூச்சிரைக்க நடந்த என்னைப் பார்த்துச் சிலர் கைதட்டினார்கள். வெகுதூரம் போனபிறகு, ரோட்டோரத் தடுப்புச்சுவரில் அண்ணி உட்கார்ந்திருந்தார். இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு சதை உருண்டையாகத் திரண்டிருந்தது. ஒரு தொண்டர் ஆம்புலன்ஸைக் காட்டி, ஏறிக்கொள்ளும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த பாட்டிலை அண்ணி ஒரே மூச்சில் காலி செய்தார்.

"உப்பு பூக்குமா, பூக்குமான்னு பாத்துக்கிட்டே வந்தேன் தம்பி. பூக்கவே இல்ல."

ஆம்புலன்ஸில் போய்விடலாம் அண்ணி என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சுவரைப் பிடித்து எழுந்து நின்றார், நொண்டிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். முன்வரிசை போய்விட்டது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வேடிக்கைக்கு ஓடவந்த காலேஜ் பிள்ளைகள், தொந்தி வைத்த ஆபீஸர்கள், பேரப்பிள்ளைகள் கைதட்ட ஓடும் பெரியவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு நடுத்தர வயது அம்மாள் சேலை மேல் சட்டை போட்டுக்கொண்டு வந்தவர், அண்ணி யாரென்றே தெரியாமல், "வாம்மா, மெதுவா சேந்தே போலாம்" என்று கையைப் பிடித்தார். கடைசி வளைவிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஓடி முடித்தார்கள். என் அண்ணியை நான் பல தடவை மேடையில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கோட்டைத் தாண்டியபோது பட்ட பெருமையை எந்த மேடையிலும் நான் பட்டதில்லை.

அடுத்த வருஷம் சொன்னபடியே கொடிக்கு அழைப்பு வந்தது. மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். உடனே ஒத்துக்கொண்டார். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். ஒருவழியாக மனசு ஆறிவிட்டது என்று நானும் நினைத்தேன், நினைத்ததும் ஏனோ கஷ்டமாக இருந்தது. அன்று காலையில் அண்ணி கணுக்கால்வரை தொங்கும் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு மேடையேறினார். குளிருக்கு என்று எண்ணிக்கொண்டேன். சால்வையும் மாலையும் போட்டார்கள். கொடியை அசைத்தார். முன்வரிசைப் பெண்கள் பாய்ந்து போனார்கள், பின்னாலிருந்த கூட்டம் திருவிழா மாதிரி நகர்ந்தது. அது தீரும்வரை அவர் கொடியை அசைத்துக்கொண்டே நின்றார்.

பிறகு கோட்டைக் கழற்றினார். உள்ளே ஓடுகிற உடுப்பு, நெஞ்சில் எண். எல்லோரையும் போல் முன்பே பதிவு செய்து வைத்திருக்கிறார், வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாலை, சால்வை, கோட்டு, கொடி எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தார். இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. மைக் பிடித்திருந்தவர் என்னைப் பார்த்து, சார் யாருங்க என்று கேட்டார். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு, அந்தம்மாவோட கொழுந்தன் என்று சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் போன் செய்து, கொடியசைக்கப் போனவள் எதற்கு ஓடினாய் என்று சத்தம் போட்டார். வேனில் எனக்கும் கேட்டது. அண்ணி அவர் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"கடைசி வரிசையில நின்னு ஓடினேங்க. அங்கேருந்து நம்மள யாரும் எடுக்க முடியாது."

போனை வைத்துவிட்டு, கால் இரண்டையும் எதிர் சீட்டில் நீட்டிக்கொண்டு, திண்டிவனம் வரும்வரை தூங்கினார்.