இருளாயி கையெழுத்துப் போட்ட நாள்

இருளாயிக்கு அறுபத்தாறு வயது. தன்னால் முடியாது என்று அவளை ஒப்புக்கொள்ள வைத்தவர் ஈப்போ நகரில் இன்னும் பிறக்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் அவளைப் படுக்கையில் தள்ளியது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினாலு வயதிலேயே பால்வெட்டுக்குப் போனவள் அவள். விடியுமுன் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வரிசையாக நிற்க வேண்டும். நிற்காதவருக்கு அன்றைக்குப் பேர் கிடையாது. பேர் இல்லையென்றால் கூலியும் கிடையாது. காய்ச்சலோ வயிற்று வலியோ, நின்றே ஆக வேண்டும். பிறகு தோட்டத்தை விற்று, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். இருளாயி கணவர் சதாசிவத்தோடு ஈப்போவின் புந்தோங்குக்கு வந்து, ஓட்டல் துணிகளை வெளுக்கும் டோபிக் கடையில் சேர்ந்தாள். பெரட்டு மட்டும் அவள் உடம்பை விட்டுப் போகவில்லை.

அதனால்தான், ஈர விரிப்பு மூட்டையைத் தூக்கும்போது நடு முதுகில் சடக்கென்று ஏதோ ஒடிந்ததை யாரிடமும் சொல்லாமல், தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஒன்பது நாள் வேலைக்குப் போனாள். பத்தாம் நாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பு பலமிழந்து, முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கி உட்கார்ந்துவிட்டதாம். மாத்திரை, பெல்ட், ஓய்வு என்று இரண்டு மாதம் ஓடியது. வலி அசைந்து கொடுக்கவில்லை. கழிவறைக்குப் போகக்கூடச் சதாசிவத்தின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. வலியைவிட அதுதான் அவளைத் தின்றது.

மறுபடி போனபோது டாக்டர் தர்சிகா வேறு வழி ஒன்றைச் சொன்னார். "பெரிய ஆபரேசன் இல்லை அம்மா. முதுகில ஊசி விட்டு, நசுங்கின எலும்புக்குள்ள சிமெண்ட் மாதிரி ஒரு பசையைச் செலுத்துவம். கொஞ்ச நேரத்தில இறுகிடும். அந்த இடம் மட்டும்தான் மரத்துப்போகும். நீங்கள் முழிச்சுத்தான் இருப்பீங்கள்."

"சிமெண்டா? முதுகுல என்ன வீடா கட்டப் போறீங்க?" என்றார் சதாசிவம். அவர் கேலிக்குக் கேட்கவில்லை.

"பசை கசிஞ்சு நரம்பில படலாமா டாக்டர்?" என்று கேட்டது இருளாயி.

"படலாம். மிகவும் அபூர்வம். ஆனால் நடக்கவே நடக்காது எண்டு சொல்ல மாட்டன்."

அந்த ஒரு பேச்சு போதுமாயிருந்தது சதாசிவத்துக்கு. பத்துமலை என்ற அவருடைய அண்ணன் முதுகில் ஆபரேசன் செய்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. பதினோரு வருடம் அண்ணனைக் குளிப்பாட்டித் துடைத்தவர் அவர்தான்.

"முதுகுல ஊசி ஏத்துனா காலு விழுந்துரும் புள்ள. நீ படுத்தே இரு. நான் பாத்துக்கிறேன்," என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"எத்தன வருசத்துக்கு?"

"சாவுற வரைக்கும்."

"யாரு சாவுற வரைக்கும்?"

சதாசிவத்துக்குக் கோபம் வந்தது. "கையெழுத்துப் போட்டீன்னா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன், பாத்துக்க!"

"வராட்டிப் போங்க. முதுகு என்னோடது."

சொன்னபடியே அவர் வரவில்லை. இருளாயி கிராப் வாடகைக் காரை வரவழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் போனாள். ஒப்புதல் தாளில் தோட்டத்துப் பள்ளியில் படித்த எழுத்தை ஒவ்வொன்றாக ஊன்றிக் கையெழுத்துப் போட்டாள்.

குப்புறப் படுக்க வைத்தார்கள். பயமாக இருந்தது. முதுகை யாரோ கட்டை விரலால் அழுத்துவது போலிருந்தது. துணைக்கு வராத மனுசனை மனசுக்குள்ளேயே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

"முடிஞ்சுது. கால் விரலை ஆட்டுங்கள் அம்மா."

வலது கால் ஆடியது. இடது காலும் ஆடியது.

இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடந்த பிறகு தாதி எழுப்பி நிறுத்தினாள். ஏதோ ஒரு மந்தமான வலி மிச்சமிருந்தது. கத்தி செருகியது போன்ற அந்த வலியைக் காணோம். இருளாயி பத்து அடி நடந்தாள். இன்னும் பத்து அடி நடந்து கதவைத் தள்ளினாள்.

வெளியே நடையில் சதாசிவம் நின்றிருந்தார். முன்னால் ஒரு சக்கர நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம் புதுசு.

"எப்ப வந்தீங்க?"

"நீ உள்ள போனப்பவே," என்றார். அவர் பார்வை அவள் பாதத்தை விட்டு நகரவில்லை.

கால் போய்விடும் என்று சத்தியமாக நம்பியிருக்கிறார். நம்பிக்கொண்டே, மிச்ச காலம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போகத் தயாராக வந்து நின்றிருக்கிறார். இருளாயிக்கு அழுகை பொங்கியது. அவர் முன்னால் அழுவதற்கா இவ்வளவு தூரம் வந்தாள்?

"உக்காரு புள்ள. மெதுவா தள்ளிட்டுப் போறேன்."

"வாங்குன கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, சுவரைக்கூடத் தொடாமல் லிஃப்டை நோக்கி நடந்தாள்.

சதாசிவம் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்.