மூணுமாசத்தாருக்கு யோகேஸ்வரி கொடுத்த பதில்

காலைச் சாப்பாட்டு வேலை முடிந்து, ஹோட்டல் குசினியில் நாங்கள் பால் போடாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், யோகேஸ்வரியிடம் படித்த தர்சனின் அழைப்பு வந்தது. "நானா, யோகாக்கா போயிட்டா" என்றான். எங்கே போய்விட்டார் என்று நான் கேட்டேன். டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவரைப் பற்றி அப்படிக் கேட்கிறவன் முட்டாள்தான். பிள்ளை அழுதான். நான் ஓத வேண்டியதை ஓதிவிட்டு, ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி யோகேஸ்வரியின் தம்பி கேட்டார். "நல்ல மாதிரி எழுதுங்க நானா. பழைய பிரச்சினை ஒண்டும் வேணாம்" என்றும் சொன்னார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து பேனையை எடுத்தால், பழைய பிரச்சினையைத் தவிர வேறொன்றும் வருகுதில்லை. அவரைக் கள்ளி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒருவன் உயிரோடு நடமாடுகிறான். அதைச் சொல்லாமல் அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுத என்னால் ஏலாது. தம்பி கோபித்தால் கோபிக்கட்டும்.

நான் ஓட்டமாவடியைச் சேர்ந்தவன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். யோகேஸ்வரி அதே ஹோட்டலில் வரவேற்புப் பகுதியில் இருந்தார். என்னை அண்ணன் முறையில் நானா என்பார், நான் தங்கச்சி என்பேன். பிறந்தது கதிரவெளியில், தகப்பனார் கடலுக்குப் போகிறவர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்த காலத்தில்தான் அந்த விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. மூன்று மாதத்தில் ஜப்பான் மொழி, நான்காம் மாதம் ஜப்பானில் வேலை. விளம்பரம் போட்டவனின் பெயரை இங்கே எழுதி இந்த மலரை அசிங்கப்படுத்த மாட்டேன். யோகேஸ்வரி அவனுக்கு வைத்த பெயர் மூணுமாசத்தார். அந்த மரியாதை கேலிக்கு வைத்தது. நான் அவனை அவன் என்றுதான் எழுதுவேன், அச்சடிக்கிறவர்கள் தயவுசெய்து திருத்த வேண்டாம்.

தகப்பனார் தோணியின் எஞ்சினை விற்று மகளை அந்த வகுப்புக்கு அனுப்பினார். தன்னை அறிமுகம் செய்யும் நாலைந்து வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மூன்று மாதமும் அதுதான் படிப்பு. பிறகு ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தின் ஆட்கள் நேர்முகத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மா யோகேஸ்வரியைப் பார்த்து ஏதோ கேட்டார். இவர் தன் பெயரையும் ஊரையும் வயதையும் சொன்னார். அந்த அம்மா திரும்பவும் கேட்டார். இவர் திரும்பவும் பெயரையும் ஊரையும் வயதையும் சொன்னார். பக்கத்தில் நின்ற மூணுமாசத்தான் எல்லாருக்கும் கேட்கச் சிரித்து, "கெம்பஸ் படிச்சும் மண்டைக்குள்ள களிமண்தான்" என்றான்.

அந்த அம்மா கேட்டது என்ன என்பது அவருக்கு நெடுநாள் கழித்துத்தான் விளங்கியது. ஒருநாள் குசினி வாசலில் நின்றுகொண்டு சொன்னார். "எனக்கு வேர்த்து வடியிறதப் பாத்துட்டு, தண்ணி வேணுமா புள்ள எண்டு கேட்டிரிக்கா நானா. நான் என்ட வயசச் சொல்லியிரிக்கன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அழுதார். எனக்கு அந்த ஆளை அன்றைக்கே தேடிப் போய் நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது.

ஹோட்டலில் அவர் வேலைக்குச் சேர்ந்ததே ஜப்பான்காரர் வந்து தங்குகிற இடம் என்பதற்காகத்தான். வருகிற ஒருவரையும் விடமாட்டார். பெட்டி தூக்குகிற சாட்டில் கதைப்பார், கடற்கரைக்கு வழி காட்டுகிற சாட்டில் கதைப்பார். அவர்கள் ஊருக்குப் போய்ப் புத்தகங்கள் அனுப்பினார்கள். வயதான ஜப்பான்காரர் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்று ஒருநாள் குசினிக்கு ஓடி வந்தார். "நானா, நோன்புக் கஞ்சி மாதிரி ஒண்டு வேணும். ஆனா இறைச்சி, மசாலா ஒண்டும் போடாம." அதென்ன கஞ்சி என்று ஏசிக்கொண்டே காய்ச்சிக் கொடுத்தேன். அந்த மனுசன் குடித்துவிட்டுக் குசினிக்கே வந்து எனக்குக் குனிந்து மரியாதை செய்தார். அவர் சொன்னதை யோகேஸ்வரி எனக்குத் தமிழில் சொன்னார். நான் சொன்னதை அவருக்குச் சொல்லும்போது ஏசினதை விட்டுவிட்டார் என்றே நம்புகிறேன்.

"படிச்சு முடிக்க இன்னும் எவ்வளவு காலம் செல்லும் தங்கச்சி?" என்று அடிக்கடி பகிடியாகக் கேட்பேன். அவர் பகிடியாகப் பதில் சொன்னதில்லை. "வசனம் எங்கட மாதிரித்தான் நானா போகுது, வினை கடைசியிலதான் வரும். அதால தமிழாக்களுக்குக் கொஞ்சம் லேசு. எழுத்துத்தான் ஆளக் கொல்லுது. ஆயிரம் படிச்சா இன்னும் ஆயிரம் நிக்கிது" என்பார். சாப்பாடு, வழி, விலை கதைக்க ஒன்றரை வருடம் பிடித்தது. ஒருவர் முகத்தைப் பார்த்து மனம்விட்டுக் கதைக்க நாலு வருடத்துக்கு மேல் ஆனது. பேப்பர் வாசிக்க இன்னும் கூட. கொழும்புக்கு ரயில் ஏறிப் போய்ப் பரீட்சை எழுதுவார், தோற்பார், திரும்பப் போவார். அந்த மொழியில் அவ்வளவு ஆசையா என்று ஒருமுறை கேட்டேன். "ஆசையுமில்ல, மண்ணுமில்ல. கோவம் நானா. ஆசையில படிச்சிருந்தா எப்பயோ விட்டிருப்பன்" என்றார். இப்படிச் சொல்கிற ஒருவரை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?

பிறகு ஒருநாள் மூணுமாசத்தான் எங்கள் ஹோட்டல் மண்டபத்தையே நேர்முகத்துக்கு எடுத்தான். ஜப்பான்காரர் மூவர், ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர், வெளியே தாய் தகப்பன்மார். நான் தேநீரும் ரோல்ஸும் கொண்டுபோயிருந்தேன். வந்தவர்கள் கேட்டது பிள்ளைகள் ஒருவருக்கும் விளங்கவில்லை. சர்மிலா என்ற பிள்ளை தன் பெயரைச் சொன்னாள், திரும்பவும் பெயரைச் சொன்னாள். அவன் இங்கிலீசில், இவர்கள் ஒன்றரை வருடம் படித்த பிள்ளைகள், வெட்கத்தில் கதைக்கிறார்களில்லை என்றான். எல்லாரும் மூன்று மாதம் படித்த பிள்ளைகள் என்பது எனக்கும் யோகேஸ்வரிக்கும் தெரியும்.

வாசலில் நின்ற யோகேஸ்வரி நேரே உள்ளே நடந்தார். ஜப்பான் மொழியில் கதைக்கத் தொடங்கினார். சத்தம் போடவில்லை, கையை ஆட்டவில்லை. மூணுமாசத்தான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். ஹோட்டல் சார்பில் வரவேற்கிறார் என்று நினைத்தான் போலும். பத்து வருடம் ஜப்பானில் இருந்தேன் என்று விளம்பரம் போடுகிறவன்! அவர் கதைத்து முடிக்க, வந்த மூவரும் எழும்பி அவருக்குக் குனிந்துவிட்டுத் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

என்ன சொன்னீர் என்று கேட்டேன். "இந்தப் பிள்ளையள் மூணு மாசம்தான் படிச்சவங்க. இப்ப கூட்டிப் போனா உங்கட வயசானாக்களுக்கும் கஷ்டம், இவங்களுக்கும் கஷ்டம். ரெண்டு வருசம் குடுங்க எண்டு சொன்னன்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

சந்தோசம் வாசல் மட்டும்தான். சர்மிலாவின் தாய் மண்ணை அள்ளித் தூற்றினார். "என்ட புள்ளைர வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டியேடி! நீ நல்லா இருப்பியா!" என்று கத்தினார். முதலாளி அடுத்த நாளே யோகேஸ்வரியை வேலையை விட்டு நிறுத்தினார். மூணுமாசத்தானுக்கு அதுவும் போதவில்லை. ஜப்பான்காரரின் பெட்டியில் களவெடுத்துப் பிடிபட்டதால்தான் ஹோட்டலில் இருந்து கலைத்தார்கள் என்று வாழைச்சேனையிலிருந்து கதிரவெளி வரைக்கும் கதை பரப்பினான். நான் அங்கே வேலை செய்கிறவன், சத்தியம் செய்து சொல்கிறேன், ஒரு கைக்குட்டை கூடக் காணாமல் போகவில்லை. ஆனால் பழிக்குத்தானே கால் வேகம். கடற்கரையில் ஆட்கள் கேட்ட கேள்வியில் தகப்பனார் கொஞ்சக் காலம் வெளியே இறங்காமல் இருந்தார்.

யோகேஸ்வரி கள்ளி என்ற சொல்லைக் கேட்டு உடைந்துபோகவில்லை. அவருக்கு வருத்தம் வேறு. "நான் அவனுக்கு அடிச்சது அந்தப் பிள்ளையளுக்கும் பட்டுட்டு நானா" என்றார். ஐந்து பேரின் வீட்டுக்கும் தானே போனார். காசு வேண்டாம், நான் படிப்பிக்கிறேன் என்றார். இரண்டு வீட்டில் உள்ளே எடுக்கவில்லை. முதலில் தர்சனும் இன்னொரு பிள்ளையும் வந்தார்கள், மெல்ல மெல்ல மற்றவர்களும் வந்தார்கள், கடைசியாகச் சர்மிலா. வகுப்பு எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. "ரெண்டு வருசம். ஒவ்வொரு நாளும். குறுக்கு வழி கேக்கிறாக்கள் மூணுமாசத்தார்ட்டப் போங்க" என்பதுதான் முதல் நாள் பாடம். என் மனைவி, "ஒங்கட தங்கச்சி போடுற சத்தத்தில நம்மட பூனையும் ஜப்பான் கதைக்கப் போகுது" என்பார்.

இரண்டு வருடம் கொஞ்சம் கூடிப் போனது. ஐந்து பேரும் பரீட்சையில் பாஸ். அன்றைக்கு யோகேஸ்வரி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய், மூணுமாசத்தானின் அலுவலகத்துக்கு நேர் எதிரே, நடுவெயிலில் நிறுத்தி வைத்து ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். என்னையும் கூப்பிட்டார். "மெல்லச் சாப்பிடுங்க நானா, அவசரமில்ல. அவன் நல்லாப் பாக்கட்டும்" என்றார். அன்று வந்த அதே மூவரின் இல்லம்தான் ஐந்து பேருக்கும் வேலை கொடுத்தது. விசா வந்தது. பிள்ளைகள் பெட்டி அடுக்குகிற நேரத்தில் ஆசிரியைக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அவரை வழியனுப்ப வேண்டியவர்கள் ஆனோம்.

மௌத்துச் செய்தி வந்த பின்னேரமே வாழைச்சேனைச் சந்தியில் ஒரு பதாகை தொங்கியது. யோகேஸ்வரியின் படம், கீழே 'எமது நிறுவனம் உருவாக்கிய ஜப்பான் மொழி ஆசிரியைக்குக் கண்ணீர் அஞ்சலி'. எனக்குப் பற்றி எரிந்தது. கத்தியைக் கொண்டு போய் நானே அறுத்து விழுத்தினேன். கேஸ் போடுகிறவன் போடட்டும்.

அடுத்த நாள் கதிரவெளியில் அவர் வீட்டு முற்றத்தில் ஊர் நிறைந்திருந்தது. மூணுமாசத்தான் தன் வான் வண்டியில் வந்து இறங்கினான். கையில் மலர்வளையம், பின்னால் படம் எடுக்க ஒருவன். ஐந்து பிள்ளைகளையும் தன்னோடு நிற்கச் சொன்னான். நான் எழும்பினேன். சர்மிலா என்னைப் பார்த்து, இருங்க நானா என்பது போலக் கையைக் காட்டினாள்.

அவள் அவன் முன்னால் போய் நன்றாகக் குனிந்தாள். ஜப்பான் மொழியில் மிக மரியாதையாக ஏதோ கேட்டாள். ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது, தெரியாது என்று சொல்ல முடியுமா? அவனும் குனிந்து, ஆமாம், ஆமாம் என்பதற்கு ஜப்பான்காரர் சொல்கிற மாதிரி, "ஹை, ஹை" என்றான்.

தர்சன் சனத்தின் பக்கம் திரும்பினான். "மூணு மாசத்தில ஜப்பான் மொழி படிக்கலாம் எண்டு எங்களுக்குச் சொன்னது பொய்யா எண்டு சர்மிலா கேட்டவ. ஓம் எண்டு சொல்றார்."

முற்றத்தில் ஒரு சலசலப்பு. அவனுக்கு முகம் மாறியது. தர்சன் சொன்னதை அவன் சரியாகப் பிடிக்குமுன் சர்மிலா இரண்டாவதைக் கேட்டாள், இன்னும் தாழக் குனிந்து. படம் எடுக்கிறவன் எடுத்துக்கொண்டே இருந்தான். பழக்க தோசத்தில் அவன் வாய் முந்திவிட்டது. "ஹை."

"யோகாக்கா களவெடுத்தா எண்டு ஊரெல்லாம் சொன்னீங்களே, அது நீங்க கட்டின கதைதானே எண்டு கேட்டவ" என்றான் தர்சன். "அதுக்கும் ஓம் எண்டு சொல்றார்."

"நான் அப்பிடிச் சொல்லல்ல!" என்று அவன் கத்தினான். அப்போ அவள் கேட்டது என்ன, நீயே சொல்லு என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். அவனால் சொல்ல முடியவில்லை. மகளின் தலைமாட்டில் இருந்த தகப்பனார் எழும்பி வந்தார். களவுக் கதை கிளம்பிய நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு சொல் பேசாதவர். மலர்வளையத்தைத் தூக்கி அவன் கையிலேயே திரும்பக் கொடுத்தார். "ஊருக்கு முன்னால நீயே சொல்லிட்டாய் மகனே. போ" என்றார். சனம் வழி விட்டது. மலர்வளையத்தைச் சுமந்துகொண்டு அவன் மணலுக்குள் கால் புதையப் புதைய வண்டி வரைக்கும் நடந்தான். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. சர்மிலாவின் தாய் யோகேஸ்வரியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

தங்கச்சி, நீங்கள் அதைக் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் உங்கள் அப்பா கேட்டார். அன்று உங்களை மயானத்துக்குக் கொண்டுபோகும்போது கடற்கரைத் தெருவில் அவர் தலையை நிமிர்த்தி முன்னால் நடந்தார். பிள்ளைகள் இந்த வாரக் கடைசியில் விமானம் ஏறுகிறார்கள். நீங்கள் போய் வாருங்கள்.