ஆகாதவன் என்று ஒரு கடிதம்

நாற்பத்தெட்டு வயதில் நான்கு மாதம் ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போனேன். ராமநாதபுரத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்துகிறவனை ஏதோ ஞாபகத்தில் ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டிருந்தது. கடற்கரை மக்கள் ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்பது பாடம். பாம்பனில் பிறந்தவன் அதைக் குளிரில் நடுங்கிக்கொண்டு போய்க் கற்க வேண்டியிருந்தது.

மூன்றாவது மாதம் தம்பி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான். "அண்ணே, நம்ம தெருவுல ஒருத்தன் மீன்பிடி வேலைக்கு அரபு நாட்டுக்குப் போகணுங்கறான். இங்கிலீசுல ஒரு கடுதாசி கேக்குறாங்களாம். நல்லா எழுதி அனுப்பு. பேரை நான் போட்டுக்கிறேன்."

யார் என்று நான் கேட்கவில்லை. என்னை எழுதச் சொல்லி ஒருவர் கேட்டதே பெரிய விஷயம். ஆள் தெரியாததால் எனக்குத் தெரிந்த மீன்பிடிக்காரன் ஒருவனை நினைத்துக்கொண்டு எழுதினேன். கிழிந்த வலையைப் பார்க்காமலே பின்னுவான். நின்றுபோன இன்ஜினை நடுக்கடலில் பிரித்து மாட்டுவான். வாடைக்காற்று எழும்புவதை மற்றவர்களுக்கு முன்பே சொல்வான். கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவான். அத்தனையும் என் தம்பியிடமிருந்து எடுத்தது. அந்த நான்கு மாதத்தில் நான் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

நான் ஊர் வந்து சேர்ந்த அன்று, வீட்டுக்குள் என் பெட்டியைவிடப் பெரிய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது.

"யாருக்குடா இது?"

"எனக்குத்தாண்ணே. வியாழக்கிழமை போறேன். ரெண்டு வருசம்."

அவன் வேலை பார்த்த விசைப்படகு எல்லைக்கு அந்தப் பக்கம் பிடிபட்டு, எங்கேயோ கரையில் மக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். என் கட்டுரையில் அதை ஓர் உதாரணமாகக்கூடச் சேர்த்திருந்தேன்.

"தெருவுல ஒருத்தன்னு சொன்ன?"

"எனக்குன்னு சொல்லியிருந்தா எழுதியிருப்பியா? பாடம்ல நடத்தியிருப்ப."

அதையும் நடத்தினேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பாஷை தெரியாத ஆளிடம் ஏச்சு வாங்க வேண்டும், காய்ச்சல் வந்தால் ஏனென்று கேட்க ஆள் இருக்காது என்றெல்லாம் நான்கு மாதப் படிப்பை மொத்தமாகக் கொட்டினேன். தம்பி சட்டைகளை மடித்துக்கொண்டே கேட்டான்.

"நீ போயிட்டு வந்துட்டேல்ல. நான் போனா மட்டும் ஆகாதோ?"



மறுநாள் மத்தியானம் அவன் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்மா என்னிடம் வந்தாள்.

"ஏய்யா, உன் கடுதாசியைப் பாத்துத்தான இவனை எடுத்தாங்க? அவங்களுக்கே இன்னொண்ணு எழுது. இவன் ஆகாதவன்னு எழுது. அவங்களே வேணாம்னு சொல்லட்டும்."

படித்த மகனிடம் அவள் கேட்ட முதல் உதவி. மடிக்கணினியைத் திறந்து எழுதினேன். கடலில் வாந்தி எடுப்பான், வலை பின்னத் தெரியாது, குடித்துவிட்டுக் கிடப்பான். முதல் கடிதத்தைவிட வேகமாக வந்தது. வாசித்துக் காட்டச் சொன்னாள். தமிழில் சொன்னேன்.

வாந்திவரை பொறுத்துக்கொண்டாள். வலைக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"வலை பின்னத் தெரியாதா? ஏலே, பத்து வயசுல அவுக அய்யா வலையைப் பின்னுனவம்ல அவன்! இதை நாலு பேரு வாசிப்பாகளா?"

"வாசிக்கத்தானம்மா எழுதுறது."

"கூடப் பொறந்தவனைப் பத்தி எழுதுறதைப் பாரு. அழிலே."

"அழிச்சா அவன் போயிருவாம்மா."

"தெரியும். அழி."

அழித்தேன். ஒரு எழுத்தும் மிச்சமில்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. அம்மா தம்பியின் நெற்றியில் சிலுவை போட்டாள்.

"அடுத்தவன் வலைதானேன்னு ஏனோதானோன்னு பின்னாதய்யா" என்றாள்.

"சரிம்மா" என்று ஏறிக்கொண்டான்.