மணிக்கட்டில் மணல் பை

என் அப்பாவுக்கு வலிக்கும் என்பதே எட்டு வயது வரை எனக்குத் தெரியாது. தாராவியில் ஒரு தோல் கிடங்கில் கட்டுத் தூக்குவது அவர் வேலை. உப்புநீர் ஊறிய தரையில் ஒருநாள் சறுக்கி, இடது தோள் அடிபட விழுந்தார். காறை எலும்பின் நுனி தோள்மேல் கொட்டைப்பாக்கு போலத் துருத்திக்கொண்டு நின்றது. கை போய்விட்டது, மேஸ்திரி இனி ஊருக்கு ரயிலேற்றிவிடுவார் என்று அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு ஆரூடம் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேஸ்திரியே மாட்டுங்காவில் ஒரு தமிழ் டாக்டரிடம் அனுப்பினார். அம்மாவிடம் கைக்குழந்தை, அதனால் துணைக்கு நான். டாக்டர் அந்த எலும்பை விரலால் அழுத்தினார், இறங்கியது. விரலை எடுத்தார், எழும்பியது. இரண்டு மணிக்கட்டிலும் மணல் பை கட்டி, இரண்டு தோளையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

படத்தில் இரண்டு தோளும் ஒன்றுபோலவே இருந்தன. டாக்டர் குழம்பிப்போய், மறுபடி எடுக்கச் சொல்லித் தானும் கூட வந்தார். அப்பா பைகளோடு விறைத்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“ஏம்ப்பா, நீ ஏன் தூக்கிண்டு நிக்கறே? பாரம் கையை இழுக்கணும். அப்பதான் மூட்டு எவ்வளவு விலகியிருக்குன்னு தெரியும்,” என்றார் டாக்டர்.

“இது என்ன பாரம் சாமி! இதவிடப் பெருசெல்லாம் தூக்குதவன் நான். மேஸ்திரிட்ட நல்லபடியாச் சொல்லுங்க,” என்றார் அப்பா.

பலம் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். நானும்தான். விட்டுவிடக் கூடாதே என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். டாக்டர் அவர் முதுகில் கைவைத்து மறுபடி சொன்னார். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தோள் இறங்கியது. எலும்பு முன்னைவிட உயரமாக எழும்பி நின்றது. அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை. பயத்தில் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

எலும்பைப் பிடித்திருந்த நார் அறுந்திருக்கிறதாம். முழங்கையை உயர்த்தி, எலும்பை அமுக்கி, தோள்மேலாகப் பட்டை போட்டு இறுக்கினார்கள். கட்டை அவிழ்க்காமல் பொறுத்தால் கை பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னது எங்கள் இருவர் காதிலும் ஏறவில்லை. டிராம் நின்றுபோயிருந்த காலம் அது. தோற்றுப்போனவர்களாகப் பஸ்ஸில் வந்தோம்.

வாசலிலேயே அம்மா, “டாக்டரு என்னட்டி சொன்னாரு?” என்றாள்.

“அப்பா கடைசி வரைக்கும் பாரத்த விடவே இல்லம்மா,” என்றேன்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. கட்டுதான் இறுக்குகிறது என்று நினைத்து, “கொஞ்சம் தளத்தி விடட்டுமாப்பா?” என்று கேட்டேன்.