என் கதவே என்னை இல்லை என்றது

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், இன்று கம்பத்தில் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏலக்காய்க் கிடங்கு முதலாளி. மேலாளர் செல்வி பிரசவ விடுப்பில் இருந்தபோது, ஆள் குறைப்பு என்று, அவளிடம் சொல்லாமலே கிடங்கின் கைரேகைக் கதவில் இருந்த இங்கிலீஷ் பட்டியலில் அவள் பெயரைத் தேடி நானே அழித்தேன்.

மறுநாள் காலை விரல் வைத்தேன்.

“இப்படி ஒருவர் இங்கு இல்லை” என்றது கதவு, செல்வி முன்பு பதிந்துவைத்த குரலில். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம். தட்டியும் யாரும் வரவில்லை.

செல்விக்கே போன் போட்டு, கதவு சொன்னதைச் சொன்னேன்.

“இங்கிலீஷ் தெரியாம ஒங்க பேரையே அழிச்சிருக்கீக, முதலாளி. யார் பேர அழிக்கப் போனீக?”

“ஒன் பேரத்தான், ஆத்தா.”

அவள் குழந்தை அழுதது. அதை அமர்த்திக்கொண்டே, கதவு திறக்கும் எண்ணைச் சொன்னாள்.

செல்வியின் வேலை அவளுக்கே. விடுப்பில் இருப்பவரிடம் நேரில் பேசாமல் இப்போது எதையும் முடிவு செய்வதில்லை. தினமும் அந்தக் கதவு திறக்கும்வரை மூச்சும் விடுவதில்லை.