வலைப்பந்துக் கம்பத்தடியில் ஒரு ட்ரை

கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வாரத்தில் மூன்று நாள் இருப்பேன். கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருக்கும் திங்கட்கிழமைகளில், வருகிறவர்கள் தங்கள் பல்வலியை மறந்து என்னையே பார்ப்பார்கள். ஒரு ஐயா குரலைத் தாழ்த்தி, "வீட்டில எல்லாம் சுகமோ பிள்ளை?" என்று கேட்டார். "சுகம்தான் ஐயா. நேற்று றக்பி விளையாடினனான்" என்றேன். அவர் நம்பவில்லை. குடும்ப வன்முறைக்கான கவுன்சில் உதவித் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் விளையாடுவது றக்பி லீக். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அமர்த்த வேண்டும். அதற்குப் பெயர் ட்ரை. ஆறு தடவை உங்களைப் பிடித்து விழுத்திவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். மிச்சமெல்லாம் தோளும் தொடையும்தான். நான் முன்வரிசைக்காரி. ஆட்கள் நெருக்கி நிற்கிற இடமாகப் பார்த்து நேரே ஓடுவது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. தன்னடக்கமாகப் பேச எனக்கு வராது.

பக்கத்து ஊரான பார்க்கிங்கில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் என்னை வலைப்பந்து, அதாவது நெட்போல், அணியில் எடுக்கவில்லை. உடம்பு பெரிது, போகிற வழியில் ஆட்களை இடிக்கிறேன் என்றார்கள். மைதானத்தின் மறுகரையில் றக்பி பழகியவர்கள் அதையே கைதட்டி வரவேற்றார்கள், அங்கே போய்விட்டேன். பிறகு ஒரு கழகத்தில் பத்து வருடம் சும்மா விளையாடினோம். ஆண்கள் போட்டுக் கழித்த சட்டைகள் எங்களுக்கு முழங்கால் வரை தொங்கும். போன வருடம்தான் கழகம் முதல் தடவையாகப் பெண்களுக்கும் சம்பளம் என்று ஒப்பந்தம் நீட்டியது. முதல் நாளே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. வேலையை விடும் அளவுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் கடதாசியில் தொழில்முறை வீராங்கனை என்று என்னை எழுதியிருந்தார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்தவர். ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசித்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னார்: "என்ர பிள்ளைக்குச் சம்பளம் குடுத்து நெட்போல் விளையாடக் கூப்பிட்டிருக்கினம்!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். "நெட்போலில இப்பிடிக் கண் வீங்குமோ?" என்று ஒரு அன்ரி கேட்டார். "லண்டன் நெட்போல் அப்பிடித்தான்" என்றார் அம்மா, கண்ணை இமைக்காமல்.

காரில் சண்டை பிடித்தேன். "பொம்பிளைப் பிள்ளை றக்பி விளையாடுறாள் எண்டால் சனம் என்ன கதைக்கும்? உனக்கு ஒரு கலியாணம் பேச ஏலாது" என்றார். அந்தப் பேச்சு எனக்குச் சுட்டது. கோபத்தைவிடக் கவலைதான் கூட. அம்மா தன் வாயால், நாலு பேர் முன்னால், ஒரு தரம் றக்பி என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கோடையில் எங்கள் கோயில் பங்கின் ஒன்றுகூடல் வந்தது. பூங்காவில் பந்தல், கயிறிழுப்பு, றோல்ஸ் பொரிக்கும் சட்டி. பெண்களின் வலைப்பந்துக்குச் தெற்கு லண்டன் சட்டனிலிருந்து ஒரு தமிழ் அணி வந்திருந்தது. நடுவர் வழக்கம்போல அம்மா. அவர் விசில் வாங்கினால் சொந்தம் பந்தம் பார்க்கமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் எங்கள் பக்கத்தில் ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது.

மாதர் சங்கத் தலைவி அம்மாவிடம் வந்தார். "உங்கட மகள் நிக்கிறா தானே? சம்பளத்துக்கே விளையாடுறவ. அவவை விடுங்கோ." அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். மறுக்க அவருக்கு ஒரு வழியும் இல்லை. "பந்தோட ஓடிப்போடாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னார்.

வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் நின்ற இடத்தில் நின்று எறிய வேண்டும். முதல் பாதி முழுக்க நல்ல பிள்ளையாக நின்றேன், பிடித்தேன், எறிந்தேன். என்ன, பேர் பெற்றவள் இப்படி மந்தமாக நிற்கிறாள் என்று வெளியே முணுமுணுத்தது கேட்டது. இரண்டாம் பாதியில் ஒரு பந்து நெஞ்சுக்கு நேரே வந்தது. அதே கணம் சட்டன்காரிகள் இரண்டு பேர் என்னை நோக்கிப் பாய்ந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கினேன், தோளைத் தாழ்த்தினேன், ஓடினேன். ஒருத்தி என் தோளில் பட்டுப் புல்லில் மல்லாக்க விழுந்தாள். மற்றவள் விலகிவிட்டாள். கம்பத்தடியில் பாய்ந்து விழுந்து, இரண்டு கையாலும் பந்தைத் தரையில் அமர்த்தினேன். எழும்பிக் கையையும் உயர்த்திவிட்டேன்.

றோல்ஸ் சட்டி மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

அம்மா நீளமாக விசில் ஊதினார். மாதர் சங்கத் தலைவி கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டார். "இதென்ன நெட்போல்?"

விழுந்தவளைக் கைகொடுத்துத் தூக்கி மன்னிப்புக் கேட்டேன். நல்லவேளை, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. லண்டன் நெட்போல் இப்படித்தான் என்று மறுபடியும் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

ஆனால் கையில் விசில் இருக்கும்போது அம்மாவுக்குப் பொய் வராது.

"பந்தோட ஓடினது ஃபவுல். ஆளை இடிச்சது பெரிய ஃபவுல்" என்று கூட்டத்துக்கே கேட்கச் சொன்னார். "இவள் நெட்போல்காரி இல்லை. நான்தான் பொய் சொன்னனான். இவள் றக்பி விளையாடுறவள். சம்பளத்துக்கு." பிறகு விரலை நீட்டினார். "நீ வெளியில போ."

போனேன். எந்த ஆட்டத்திலிருந்தும் அவ்வளவு சந்தோஷமாக நான் வெளியேறியதில்லை. கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் அம்மா சட்டன் பெண்களிடம் போய் என் அடுத்த போட்டி எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்வது கேட்டது. அவருக்கு அதெல்லாம் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கடைசியாக, விழுந்தவளின் முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டபடி சொன்னார்:

"கட்டாயம் வாங்கோ பிள்ளை. அங்க அது ஃபவுல் இல்லை."